ஃப்ரீக்வென்சி ரெண்டு மடங்கானா அலையோட ஸ்பீட் ஏன் ஏறல? (ஃபார்ம் 4 பிசிக்ஸ், கூடவே சுனாமி பத்தி ஒரு கேள்வி)

பாயான்லெப்பாஸ்_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். என் மக இந்த வருஷம் ஃபார்ம் 4, பிசிக்ஸ் எடுத்திருக்கா, இப்ப அஞ்சாவது சாப்டர் அலைகள் ஓடிக்கிட்டிருக்கு. குவிஸ்ல ஒரு கேள்வி வந்துச்சு, ரிப்பிள் டேங்க்ல (தண்ணி ஊத்தி அலைய பாக்கற தட்டையான தொட்டி) வைப்ரேட்டரோட ஃப்ரீக்வென்சிய ரெண்டு மடங்காக்குனா அலையோட வேகம் என்னாகும்னு. இவ ரெண்டு மடங்காகும்னு எழுதிட்டா, தப்புன்னு கோடு போட்டு வந்திருச்சு. வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. நானும் புத்தகத்த எடுத்துப் பாத்தேன், வேகம் = ஃப்ரீக்வென்சி × அலைநீளம்னு கட்டம் கட்டி போட்டிருக்கு, அப்படின்னா ஃப்ரீக்வென்சி ஏறுனா வேகமும் ஏறத்தானே செய்யணும்? விடை "மாறாது"ன்னு மட்டும் இருக்கு, ஏன்னு ஒரு வரி விளக்கம் இல்ல.

இன்னொண்ணு. அதே பாடத்துல "அலை சக்தியத்தான் கொண்டு போகும், பொருளக் கொண்டு போகாது"ன்னு இருக்கு. அத படிச்சதும் மக என்னைய பாத்து கேட்டா, அப்ப 2004 சுனாமியில நம்ம பினாங்கு பத்து ஃபெரிங்கி கடற்கரையில தண்ணி எப்படிம்மா ரோட்டுக்கு வந்துச்சு, படகெல்லாம் எப்படி தரைக்கு வந்துச்சுன்னு. என்னால பதில் சொல்ல முடியல. மேப்ப விரிச்சு பாத்தா அதவிட பெரிய கேள்வி வருது, நில நடுக்கம் சுமத்ராவோட அந்தப் பக்கம், நாம இந்தப் பக்கம், நடுவுல அவ்வளவு பெரிய தீவே கெடக்கு, அத தாண்டி அலை எப்படி பினாங்குக்கு வந்துச்சு?

தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க, ஃபார்முலா மட்டும் போட்டா பத்தாது, அவளுக்கு உள்ளுக்குள்ள புரியணும். நான் ஆர்ட்ஸ் ஸ்ட்ரீம், எனக்கும் புரியற மாதிரி சொன்னா ரொம்ப புண்ணியம்.

---

புக்கிட்மெர்த்தாஜாம்_வாத்தியார்

வணக்கம்மா. மகள அழ வேணாம்னு சொல்லுங்க, இந்தக் கேள்வியில தடுக்கி விழாத பிள்ளைய நான் முப்பது வருஷத்துல அதிகம் பாத்ததில்ல. நல்லா படிக்கற பிள்ளைங்கதான் இதுல மாட்டும், ஏன்னா அதுங்கதான் ஃபார்முலாவ நம்பும்.

ஃபார்முலா சரிதான். ஆனா அதுல இருக்கற மூணும் ஒரே மாதிரி ஆளுங்க இல்ல. ஃப்ரீக்வென்சிய, அதாவது செகண்டுக்கு எத்தன ஆட்டம்ங்கறத, முடிவு பண்றது ஆட்டுறவன், அதாவது வைப்ரேட்டர், இல்ல கை, இல்ல ஸ்பீக்கர். வேகத்த முடிவு பண்றது அலை போற இடம், தண்ணியா காத்தா கயிறா, ஆழமா மேலோட்டமா, இறுக்கமா தொளதொளன்னா, அதுதான். இந்த ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கேக்காம முடிவு பண்ணிட்டு போயிருவாங்க. மிச்சமிருக்கற அலைநீளத்துக்கு (ஒரு முகட்டுலருந்து அடுத்த முகடு வரைக்கும் உள்ள தூரம்) சொந்தமா எந்த முடிவும் கெடையாது, அந்த ரெண்டும் என்னவோ அதுக்கு ஏத்த மாதிரி அது அமைஞ்சுக்கும்.

நம்பர் போட்டுப் பாப்போம். டேங்க்ல அலை செகண்டுக்கு 24 செ.மீ போகுதுன்னு வைங்க. வைப்ரேட்டர் செகண்டுக்கு 10 தடவ தட்டுது. முதல் தட்டுல கெளம்புன அலை ஒரு செகண்ட் முடியறப்ப 24 செ.மீ தள்ளி நிக்கும், அந்த 24 செ.மீ-க்குள்ள 10 அலை அடுக்கியிருக்கும், ஆக ஒவ்வொண்ணுக்கும் 2.4 செ.மீ. இப்ப 20 தடவ தட்டுங்க. முதல் அலை அதே 24 செ.மீ தான் போயிருக்கும், ஏன்னா தண்ணி அதே தண்ணி, ஆழமும் அதே ஆழம். ஆனா அதே இடத்துக்குள்ள 20 அலை நெருக்கிக்கிட்டு நிக்கணும், 1.2 செ.மீ ஆயிடும். ஒண்ணு ஏறுனா ஒண்ணு பாதியாகுது, பெருக்கிப் பாத்தா அதே 24. மகளே பேனா புடிச்சு இத ஒருதரம் வரைஞ்சு பாக்கட்டும், கோடு கோடா வரைஞ்சாலே போதும்.

வேகத்த ஏன் இடம் முடிவு பண்ணுதுன்னு கேப்பா, கேக்கணும். அலைங்கறது பக்கத்துல இருக்கறது பக்கத்துல இருக்கறத தள்ளுற சங்கதி. தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை படியில கூட்டம் நிக்குது, கீழ ஒருத்தர் தள்ளுனா அந்தத் தள்ளு ஆள் மாத்தி ஆள் மேல வரைக்கும் போய் சேரும், ஆனா தள்ளுனவரு கீழயேதான் நிப்பாரு. அந்தத் தள்ளு எவ்வளவு சீக்கிரம் போகுங்கறது கூட்டம் எவ்வளவு நெருக்கமா நிக்குதுங்கறத பொறுத்தது, கீழ இருக்கறவரு நிமிஷத்துக்கு எத்தன தடவ தள்ளுறாருங்கறத பொறுத்தது இல்ல. கயிறுலயும் அப்படித்தான். இழுத்து இறுக்குனா அலை வேகமா ஓடும், அதே இறுக்கத்துல கனமான கயிறு எடுத்தா மெதுவா ஓடும். நீங்க பலமா ஆட்டுனா அலை உசரமாகும், ஆம்ப்ளிட்யூட் கூடும், சக்தி கூடும் (உசரம் ரெண்டு மடங்கானா சக்தி நாலு மடங்கு), ஆனா வேகமா போகாது. துணி காயப் போடற கயித்த கழட்டி ஜன்னல் கம்பியில ஒரு முனைய கட்டிட்டு மகள ஆட்டச் சொல்லுங்க, கையில பாத்தா மறக்காது.

சத்தமும் அதேதான். மெதுவா பேசுனாலும் கத்துனாலும் கீச்சுக்குரலா இருந்தாலும் கட்டக்குரலா இருந்தாலும், நம்ம ஊர் வெயில்ல, ஒரு 30 டிகிரி வைங்க, செகண்டுக்கு கிட்டத்தட்ட 349 மீட்டர். அப்படி இல்லன்னா கோயில்ல நாதஸ்வரமும் தவிலும் ஒண்ணா வாசிக்கறது தூரத்துல நிக்கறவனுக்கு முன்ன பின்னன்னு கலைஞ்சு போயில்ல கேக்கும்?

சுனாமிக்கு ராத்திரி உக்காந்து எழுதறேன், அத ரெண்டு வரியில சொன்னா பாவம்.

---

உறுமி_செபராங்ஜெயா

சார் சொன்னது சூப்பர். நான் உறுமி மேளம் குரூப்ல வாசிக்கறேன், தப்பு மேளமும் அடிப்பேன், அதனால ஒரு சந்தேகம். தப்ப தீயில காட்டுனா தோல் இறுகி சுருதி ஏறும், இது எங்களுக்கெல்லாம் தெரிஞ்ச விஷயம். சார் கணக்குப்படி இறுக்குனா வேகம்தானே ஏறணும், ஃப்ரீக்வென்சிய ஆட்டுறவன்தானே முடிவு பண்றான்? நான் அதே குச்சியில அதே மாதிரிதான் அடிக்கறேன், அப்புறம் எப்படி சுருதி ஏறுது?

---

புக்கிட்மெர்த்தாஜாம்_வாத்தியார்

தம்பி ரொம்ப நல்ல கேள்வி, இத நானே சொல்லியிருக்கணும்னு தோணுது, மகளுக்கு அடுத்த பாடத்துக்கும் உதவும்.

நீ குச்சியால ஒரே ஒரு அடிதான் குடுக்கற, இத்தன ஹெர்ட்ஸ்ல (செகண்டுக்கு இத்தன தடவ) ஆடுன்னு தோலுக்கு கட்டள போடல. அடி விழுந்ததும் அலை தோல்ல ஓடி, விளிம்புல முட்டி, திரும்பி வருது. இங்க மாறாம இருக்கறது சட்டத்தோட அளவு. அந்த அளவுக்குள்ள பொருந்தற அலைநீளம் மட்டும்தான் நெலச்சு நிக்கும், மத்ததெல்லாம் ஒண்ண ஒண்ணு அடிச்சு செத்துப் போகும். ஆக அலைநீளம் கட்டிப் போட்டாச்சு. இப்ப தீயில காட்டுனதும் தோல்ல அலையோட வேகம் ஏறுது, நீளம் மாறல, அப்ப ஃப்ரீக்வென்சி ஏறித்தானே ஆகணும். வீணையில பிருடைய திருகறதும், கிட்டார்ல கீ திருகறதும் இதே கதை. மெட்டுல விரல வெச்சு அழுத்தறது வேற கதை, அங்க கம்பியோட நீளத்த குறைக்கறோம், வேகம் அதே, அலைநீளம் குறையுது, சுருதி ஏறுது.

அதனால பரீட்சையில எந்தக் கேள்வி வந்தாலும் மூணுல எது கட்டிப் போடப்பட்டிருக்குன்னு முதல்ல தேடணும். கணக்கு போடறது அதுக்கப்புறம்தான்.

---

கேஎல்_பிரிக்ஃபீல்ட்ஸ்

வாத்தியார் மேல மரியாதை வெச்சே ஒண்ணு சேக்கறேன், நான் யுனிவர்சிட்டியில இத படிச்சவன். "வேகத்த இடம்தான் முடிவு பண்ணும்"ங்கறது சத்தத்துக்கும், கயித்துக்கும், வெற்றிடத்துல ஒளிக்கும் சரி. கடல் அலைக்கு முழுசா சரி இல்ல. ஆழமான கடல்ல நீளமான அலை வேகமா போகும், குட்ட அலை மெதுவா போகும். 100 மீட்டர் அலைநீளம்னா செகண்டுக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கி.மீ. 25 மீட்டர்னா அதுல பாதி. அதனாலதான் தூரத்துல புயல் அடிச்சா கரைக்கு முதல்ல நீளமா மெதுவா ஆடற அலை வந்து சேரும், சின்ன அலையெல்லாம் பின்னாடி வரும். ரிப்பிள் டேங்க்லயும் ரொம்ப துல்லியமா அளந்தா 10 ஹெர்ட்ஸுக்கும் 20 ஹெர்ட்ஸுக்கும் வேகத்துல கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், தண்ணியோட மேற்பரப்பு இழுவிசையும் சின்ன அலையில சேந்துக்கும்.

பரீட்சைக்கு இது வேணாம், "மாறாது"தான் விடை. ஆனா பிள்ளை பெரிய படிப்புக்கு போனா அங்க இது வரும், அப்ப ஸ்கூல்ல பொய் சொல்லிட்டாங்கன்னு நெனைக்கக் கூடாது, அதான் இப்பவே சொல்றேன்.

---

பாயான்லெப்பாஸ்_அம்மா

ரொம்ப நன்றி சார், தம்பிங்களுக்கும் நன்றி. மக கயிறு கட்டி ஆட்டிப் பாத்தா, வேகமா ஆட்டுனா வளைவு வளைவா நெறைய வருது ஆனா ஓடற ஓட்டம் ஒண்ணாத்தான் இருக்குன்னு அவளே சொல்றா. அவளோட அடுத்த கேள்வி, நான் அப்படியே டைப் பண்றேன்: "ஆழமான தண்ணியிலருந்து ஆழம் கம்மியான தண்ணிக்கு போனா ஃப்ரீக்வென்சி மாறாதுன்னு படிச்சேன். வேகம் குறையுதுன்னா ஏன் ஃப்ரீக்வென்சியும் குறையல?"

---

தஞ்சோங்பூங்கா_மீன்காரர்_மகன்

இதுக்கு நான் சொல்றேன் அக்கா, படிப்பு பெருசா இல்ல, ஆனா அலைய பாத்துக்கிட்டே வளந்தவன். ஆழம் மாறற எடத்துல ஒரு கம்பு நட்டு வைங்க. அந்தப் பக்கத்துலருந்து நிமிஷத்துக்கு 12 அலை வந்து கம்புல மோதுதுன்னா இந்தப் பக்கம் நிமிஷத்துக்கு 12 அலைதான் கெளம்ப முடியும். 10 தான் கெளம்புதுன்னா மிச்ச ரெண்டு எங்க போச்சு? கம்புகிட்டயே அடுக்கி வெக்க முடியுமா? வர்ற எண்ணிக்கையும் போற எண்ணிக்கையும் ஒண்ணா இருந்தே ஆகணும். அதனால மெதுவான எடத்துக்கு வந்ததும் அலைங்க ஒண்ணோட ஒண்ணு நெருங்கிக்கும், அலைநீளம் குறைஞ்சுடும், அவ்வளவுதான்.

கரையில நின்னு பாருங்க, இன்னொண்ணு தெரியும். காத்து எந்தக் கோணத்துல அடிச்சாலும், வெளிய அலை சாஞ்சு வந்தாலும், கரைய நெருங்க நெருங்க கரைக்கு நேரா திரும்பிடும். அலையோட ஒரு முனை ஆழம் கம்மியான எடத்துக்கு முன்னாடியே வந்து மெதுவாகுது, மறுமுனை இன்னும் ஆழத்துல வேகமா வருது, அதனால முழு வரிசையும் கரைப்பக்கம் திரும்புது. சேகு (டீச்சர்) போர்டுல பெம்பியாசான்னு, அதாவது அலைவிலகல்னு மலாய்ல, எழுதிப் போடறது இதுதான்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுச்சு. எங்கப்பா போட் ஓட்டறப்ப அலை எங்க வளையுதுன்னு பாத்தே அடியில மணல் மேடு எங்க இருக்குன்னு சொல்லுவாரு.

தண்ணி நகராதுங்கறதுக்கும் ஒண்ணு. படகு கட்டற ஜெட்டிகிட்ட ஒரு செலிப்பர் (செருப்பு) மிதக்கும் பாருங்க, அத உத்துப் பாருங்க. அலை வர்றப்ப மேல ஏறி கொஞ்சம் கரைப்பக்கம் வரும், அலை தாண்டுனதும் கீழ எறங்கி கொஞ்சம் கடல்பக்கம் போகும், ஒரு வட்டம் போட்டுட்டு ஏறக்கொறைய அதே எடத்துக்கு வந்துடும். அலை பத்து தாண்டியிருக்கும், செலிப்பர் அங்கயேதான் ஆடிக்கிட்டிருக்கும். கரைகிட்ட அலை ஒடைஞ்சா மட்டும்தான் தண்ணி நெசமாவே தூக்கி வீசப்படும்.

சுனாமிய பத்தி நான் பேசல. அன்னைக்கு எங்க கம்பத்துல (ஊர்ல) எல்லாரும் பாத்தோம். வாத்தியார் சொல்லட்டும்.

---

புக்கிட்மெர்த்தாஜாம்_வாத்தியார்

தம்பி கம்ப வெச்சு சொன்ன விளக்கத்த நான் என் வகுப்புல சொல்லியிருந்தா எத்தனையோ பிள்ளைங்க பொழைச்சிருக்கும். அந்த செலிப்பர் ஒரு வட்டம் போட்டதும் அதே எடத்துக்கு வருதுன்னீங்க பாருங்க, சுனாமிக்கான பதில் அதுலயே இருக்கு.

2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை, கிறிஸ்மஸுக்கு மறுநாள். நம்ம நேரம் காலையில 8.58-க்கு சுமத்ராவோட வடமேற்குக் கடலுக்கு அடியில நில நடுக்கம், அளவு 9.1. ஒரே ஒரு புள்ளியில மட்டும் நடந்ததுன்னு நெனைக்கக் கூடாது, கடல் தரை சுமத்ராவோட வடக்கு முனையில இருக்கற அச்சேவுக்கு மேற்கேருந்து நிக்கோபார், அந்தமான் வரைக்கும் கிட்டத்தட்ட 1300 கி.மீ நீளத்துக்கு உடைஞ்சுச்சு. மகளோட மேப் கேள்விக்கு பாதி பதில் இங்கயே வந்திருச்சு: உடைஞ்ச கோட்டோட வடக்குப் பாதி சுமத்ராவுக்குப் பின்னாடி மறைஞ்சு இல்ல, அங்கருந்து அந்தமான் கடல் வழியா நம்ம நீரிணையோட வாய்க்கு தெறந்த வழி இருக்கு. மிச்சப் பாதிக்கு பதில், அலைங்கறது வளையும். தீவோட முனைய தாண்டுனதும் நேராவே ஓடிப் போகாது, முனைக்குப் பின்னாடியும் விரிஞ்சு உள்ள வரும், அலை நீளமா இருக்க இருக்க இன்னும் நல்லா விரியும். அதோட கரையோரம் ஆழம் கொறைஞ்ச பக்கமா திரும்பவும் செய்யும், மேல தம்பி சொன்ன அதே திரும்பல்தான், ஆனா நூத்துக்கணக்கான கி.மீ அளவுல.

இப்ப வேகம். சுனாமிக்கு கடலே ஆழம் கம்மியான தட்டு மாதிரி, ஏன்னா ரெண்டு முகட்டுக்கு நடுவுல நூத்துக்கணக்கான கி.மீ, கடலோட ஆழம் வெறும் 4 கி.மீ. அப்படி இருக்கறப்ப பிரிக்ஃபீல்ட்ஸ் தம்பி சொன்ன சிக்கல் இல்ல, வேகத்த ஆழம் மட்டும்தான் முடிவு பண்ணும்: 9.8-ஐ ஆழத்தால பெருக்கி ஸ்கொயர் ரூட் எடுத்தா வேகம். 4000 மீட்டர் ஆழத்துக்கு செகண்டுக்கு 198 மீட்டர், மணிக்கு 710 கி.மீ-க்கு மேல. 1000 மீட்டருக்கு மணிக்கு 350 சொச்சம். நம்ம மலாக்கா நீரிணை பினாங்கு பக்கம் 100 மீட்டர்கூட ஆழம் கெடையாது, 50 மீட்டர்னு வெச்சா செகண்டுக்கு 22 மீட்டர், மணிக்கு 80 கி.மீ. பிளஸ் ஹைவேயில மோட்டோ போற வேகம். இங்க வந்து சேரறப்ப மதியம் ஒரு மணி தாண்டிடுச்சு, நாலு மணி நேரத்துக்கு மேல. அந்த நாலு மணி நேரத்துல ஒரு சைரன் இருந்திருந்தா... அப்ப இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை ஏற்பாடே இல்ல. மலேசியாவுல 68 பேர் போனாங்க, பெரும்பாலும் பினாங்குல, ஞாயித்துக்கிழமை கடற்கரைக்கு குடும்பத்தோட போனவங்க.

வேகம் கொறைஞ்சா அலைநீளம் கொறையணும், ஃப்ரீக்வென்சி மாறாது, இல்லையா? ரெண்டு முகட்டுக்கு நடுவுல அரை மணி நேரம்னு வைங்க. ஆழ்கடல்ல 198-ஐ 1800 செகண்டால பெருக்குனா 350 கி.மீ. 50 மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் 40 கி.மீ. அந்தப் பெரிய சக்தி எல்லாம் அவ்வளவு சின்ன நீளத்துக்குள்ள நசுங்குது, அப்ப வேற வழி இல்லாம உசரம் ஏறுது. நடுக்கடல்ல நில நடுக்கம் நடந்து ரெண்டு மணி நேரம் கழிச்சு ஜேசன்-1 சாட்டிலைட் மேலருந்து அளந்தப்ப சுமார் 60 செ.மீ தான். கப்பல்ல இருக்கறவனுக்கு தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது, கால் மணி நேரமா அர மீட்டர் ஏறுனா யாருக்கு தெரியும்?

சரி, பொருளக் கொண்டு போகாதுங்கறியே, படகு எப்படி தரைக்கு வந்துச்சு. சாதாரண அலைக்கு செலிப்பர் ஒரு வட்டம் போட அஞ்சாறு செகண்ட். முன்ன ஒரு அடி, பின்ன ஒரு அடி, முடிஞ்சுச்சு. சுனாமியிலயும் தண்ணி முன்ன போயி பின்னதான் வருது, பாடப் புத்தகம் சொல்றது அங்கயும் பொய்யாகல. ஆனா முன்ன போறது மட்டும் பத்து பதினஞ்சு நிமிஷம். கரைகிட்ட தண்ணி செகண்டுக்கு 2 மீட்டர் ஓடுதுன்னு வைங்க, ஆள் வேகமா நடக்கற மாதிரிதான், பெரிய வேகமில்ல, ஆனா 10 நிமிஷம் நிக்காம ஓடுனா 1200 மீட்டர் ஆச்சு. ஒரே ஒரு "முன்ன" ஒரு கி.மீ-க்கு மேல. அதுக்குள்ள ரோடு இருக்கும், கடை இருக்கும், வீடு இருக்கும். அப்புறம் அதே தண்ணி அதே நேரம் எடுத்து "பின்ன" போகும், போறப்ப ஆள இழுத்துக்கிட்டு போகும். கோத்தா கோலா மூடாவுல படகு கரையேறினதுக்கு காரணம் இதுதான். கரையில அலை ஒடைஞ்சு நொறுங்குறதும் சேந்துக்கும், ஆனா அடிப்படை இந்த நேரக் கணக்குதான்.

மகளுக்கு இன்னொண்ணும் சொல்லிக் குடுங்க, மார்க்குக்கு இல்ல, உசுருக்கு. அன்னைக்கு உடைஞ்ச கோட்டுக்கு கெழக்குப் பக்கம் கடல் தரை எறங்குச்சு, மேக்குப் பக்கம் ஏறுச்சு. அதனால தாய்லாந்து பக்கம் அலையோட பள்ளம் முதல்ல வந்துச்சு, கடல் திடீர்னு உள்வாங்கி தரை தெரிஞ்சுச்சு, மீனு துள்ளறத பாக்க ஜனங்க எறங்கி நடந்தாங்க. பள்ளம் வந்தா பின்னாடியே முகடு வருது, அந்த அரை மணி நேரத்துல பாதி, அதாவது கால் மணி நேரத்துல. கடல் அப்படி பின்வாங்குனா ஃபோன எடுக்காம மேட்டுப் பக்கம் ஓடணும், முதல் அலை போனதும் எறங்கக் கூடாது, ரெண்டாவது மூணாவது அலை அதவிட பெருசா வரலாம்.

---

தஞ்சோங்பூங்கா_மீன்காரர்_மகன்

படிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன் சார். அந்த தண்ணி வேகமா வரல, ஆனா நிக்கவே இல்லன்னு எங்கம்மா இப்பவும் சொல்வாங்க. ஏன் நிக்கலன்னு இன்னைக்குத்தான் புரியுது.

---

உறுமி_செபராங்ஜெயா

சார் அலை முனையில வளையும்னு சொன்னீங்களே, நாங்க லெபோ குயின் பக்கம் வாசிச்சுக்கிட்டு வர்றப்ப அடுத்த தெருவுல நிக்கற ஃப்ரெண்டு ஃபோன் போட்டு "உறுமி கேக்குதுடா, நாதஸ்வரம் கேக்கவே இல்ல"ம்பான். அதுவும் இதுதானா?

---

கேஎல்_பிரிக்ஃபீல்ட்ஸ்

அதேதான் ப்ரோ. உறுமியோட அடிச்சத்தம் 100 ஹெர்ட்ஸ் பக்கம்னா அலைநீளம் மூணரை மீட்டர், கடைவீட்டு மூலை அதுக்கு ஒரு பொருட்டே இல்ல, வளைஞ்சு வந்துடும். நாதஸ்வரத்தோட கணீர்னு இருக்கற பகுதி 3000 ஹெர்ட்ஸ் வைங்க, வெறும் 12 செ.மீ-க்குள்ள, அது சுவரத் தாண்டி நேராத்தான் போகும், மூலைக்குப் பின்னாடி நிழல் விழுந்துடும். தடையோட அளவும் அலைநீளமும் எவ்வளவு பக்கத்துல இருக்குங்கறதுதான் விஷயம், ஒளி வளையறது கண்ணுக்கு தெரியாததுக்கும் அதான் காரணம், அதோட அலைநீளம் ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குகூட இல்ல.

வீட்டுல வைஃபைக்கு 2.4, 5 கிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு இருக்கும், முதல்ல சொன்னது 12.5 செ.மீ, அடுத்தது 6 செ.மீ. ரூமுக்குள்ள கதவ சாத்திட்டு படிக்கற பிள்ளைக்கு 2.4 தான் நல்லா எடுக்கும், அடுத்தது சுவத்துல கூடுதலா அடிபடும். எஃப்எம் ரேடியோ 100 மெகாஹெர்ட்ஸ் பக்கம், மூணு மீட்டர், அதான் மின்னல் எஃப்எம் கட்டடத்துக்கு நடுவுல போனாலும் ஓரளவுக்கு இழுக்குது.

---

பாயான்லெப்பாஸ்_அம்மா

இவ்வளவு அருமையா சொல்வீங்கன்னு எதிர்பாக்கல, எல்லாருக்கும் கையெடுத்து கும்புடறேன். சுனாமி பதில நானே மகளுக்கு வாசிச்சு காட்டுனேன், மேப்ப வெச்சுக்கிட்டு அந்தமான்லருந்து கோடு போட்டு பாத்தா. இப்ப அவ ஒரு கணக்கு தானா போட்டிருக்கா, சரியா பாத்து சொல்லுங்க சார். 500 ஹெர்ட்ஸ் சத்தம் காத்துலருந்து கடல் தண்ணிக்குள்ள போகுது, காத்துல வேகம் 340, தண்ணியில 1500. காத்துல அலைநீளம் 68 செ.மீ, தண்ணியில 3 மீட்டர், ஃப்ரீக்வென்சி ரெண்டுலயும் 500-ன்னு எழுதியிருக்கா. நான் அவகிட்ட, தண்ணி அடர்த்தி ஜாஸ்தியாச்சே, அங்க மெதுவாத்தானே போகணும்னு கேட்டேன், அதுக்கு அவளுக்கு பதில் தெரியல.

---

புக்கிட்மெர்த்தாஜாம்_வாத்தியார்

மூணும் சரி, முழு மார்க். உங்க கேள்விக்கு: கனம் மட்டும் பாத்தா மெதுவாத்தான் போகணும்மா, ஆனா கூடவே எவ்வளவு சுலபமா அமுங்குதுன்னும் பாக்கணும். சிரிஞ்சு ஒண்ணு வாங்கி ஊசி இல்லாம காத்த அடைச்சு நுனிய விரலால மூடி அமுக்கச் சொல்லுங்க, அமுங்கும். அப்புறம் தண்ணி அடைச்சு அமுக்கச் சொல்லுங்க, அசையாது. தண்ணி கனத்துல காத்தவிட 800 மடங்கு சொச்சம், அமுங்காம மொறைக்கறதுல பத்தாயிரம் மடங்குக்கு மேல, அதான் தண்ணி ஜெயிக்குது. இரும்புல இன்னும் வேகம், செகண்டுக்கு 5000 மீட்டருக்கு மேல.

அடுத்து இன்டர்ஃபெரன்ஸ் (ரெண்டு அலை ஒண்ணோட ஒண்ணு சேர்றது) வரும், அதுல மாட்டுனா இங்கயே வந்து கேளுங்க.